நாசில் யார் கையில்

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தீயணைப்பு வேலையை அறிமுகப்படுத்தும் முகாமுக்கு அக்காதான் முதலில் பெயர் கொடுத்தாள். சித்தி மகள் சும்மா துணைக்கு வந்தவள். வந்த இடத்தில் அதிகாரி அவளை இரண்டு முறை ‘சபாஷ்’ என்றுவிட்டார். அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசி நாள் போட்டி வைத்தார்கள். குழாயை முதலில் விரித்து முடிப்பவர், பெற்றோர் முன்னிலையில், குழாய் முனையில் மாட்டும் பீய்ச்சு மூக்கான நாசிலைப் பிடித்துத் தண்ணீர் அடிக்கலாம். விசில் ஊதியதும் அக்கா சுருளை உருட்டிக்கொண்டு பறந்தாள். சித்தி மகளோ, எந்த முனை பம்புக்குப் போகும் என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி, தூங்கிட்டியா?” என்று அக்கா கத்தினாள்.

ஆனால் அக்காவின் குழாய் முனையில் நாசில் மாட்ட மறுத்தது.

“சார், இந்த நாசில் ரிப்பேர் சார்!”

“நாசில் நல்லாத்தான்மா இருக்கு. பம்புல மாட்ட வேண்டிய முனையை நீ கையில வச்சிருக்கே,” என்றார் அதிகாரி.

நாசில் சித்தி மகளுக்குப் போனது. தண்ணீர் வந்ததும் அவள் தடுமாறினாள். “அக்கா, இழுக்குதுக்கா, பின்னாடி வந்து பிடியேன்!”

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். மறுநாள் செய்தித்தாளில் வந்த படத்தில் சித்தி மகளின் முகம் முழுதாக இருந்தது. அக்காவுக்கு முழங்கை மட்டும். அந்த முழங்கையைப் பெரிதாக்கி, ‘களத்தில் நான்’ என்று எழுதி, சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பிவைத்தாள்.