மூன்று எண்ணும் வரை

நாடிக்கட்டை மூன்றாவது தடவையாக அவிழ்த்துக் கட்டினாள் வடிவு. எப்படிக் கட்டினாலும், செத்துக் கிடந்த மாமியார் குப்பம்மாளின் வாய் ஒரு விரல்கடை திறந்துகொண்டது. பதினோரு வருஷம் கட்டிலில் கிடந்தபோதும் அந்த வாய் மட்டும் படுத்ததில்லை. இந்த நேரத்தில் இப்படியொரு நினைப்பு வந்ததற்காக வடிவுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

"முடிச்ச உச்சந்தலையில போடுங்க மதினி" என்றாள் வள்ளி. குப்பம்மாளின் ஒரே மகள். சேதி கேட்டுப் பெருமாள்மலையில் கிடைத்த லாரியில் ஏறி வந்து, அழுது ஓய்ந்து, இப்போதுதான் மூக்கைச் சிந்தியிருந்தாள். "கடைசித் தண்ணி யாரு ஊத்துனது?"

வடிவின் கை நின்றது.

"நான்தான்."

"எப்ப?"

"பன்னெண்டு மணி அடிச்சப்ப."

சர்ச்சில் மணி அடித்தது உண்மை. வடிவு அதைக் கேட்டதும் உண்மை. ஆனால் கேட்டது இந்த அறையிலிருந்து அல்ல. ஏரியின் நடுவில், படகில் உட்கார்ந்து கேட்டாள்.

பின்வாசலில் விறகுக் கட்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த பெருமாயி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

கொடைக்கானலில் பிறந்து கொடைக்கானலிலேயே வாழ்க்கைப்பட்டவள் வடிவு. வீட்டிலிருந்து ஏரிக்குப் பத்து நிமிஷ நடை. அந்த ஏரியை அவள் பார்த்துப் பதினோரு வருஷம் ஆயிற்று. மாமியார் பக்கவாதத்தில் விழுந்த நாளிலிருந்து வீடு, தெருக்குழாய், முக்குக் கடை, அவ்வளவுதான் அவளுக்கு ஊர். போன வாரம் வீரம்மாளின் கடிதம் வந்தது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எட்டாவது வரை கூடப் படித்தவள், இப்போது திண்டுக்கல்லில் டீச்சர். 'எனக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் ஆர்டர் வந்திருக்கிறது. நம் மூன்று பேருக்கும் இந்த வருஷம் நாற்பது வயது. வெள்ளிக்கிழமை நானும் வேலுத்தாயும் வருகிறோம். நம் ஊரை ஒரு தடவை சேர்ந்து சுற்ற வேண்டும். சாக்குச் சொல்லாதே.'

வெள்ளிக்கிழமை கணவன் குழந்தைவேல் பூண்டு வாங்கப் பூண்டிக்குப் போகிற நாள். அவனிடம் கேட்டால், "ஆத்தாள யாரு பாக்குறது?" என்பான். அந்தக் கேள்விக்குப் பதினோரு வருஷமாக அவளிடம் பதில் கிடையாது. அதனால் கேட்கவில்லை.

இன்று காலை விறகு போட வந்த பெருமாயியைத்தான் பிடித்து உட்கார வைத்தாள். பெருமாயி கீழ்ச்சரிவில் காட்டை நம்பிப் பிழைக்கிற குடியைச் சேர்ந்தவள். குப்பம்மாள் அவளைப் பின்வாசலைத் தாண்ட விட்டதில்லை. காப்பி கொடுத்தாலும் தனிச் சிரட்டையில்தான் கொடுக்கச் சொல்வாள்.

"அத்தை அசந்து தூங்குது. ஒரு மணி நேரம் இங்கனயே இரு பெருமாயி. ஏரி வரைக்கும் போயிட்டு வெரசா வந்துர்றேன்."

ஏரிக்கரையில் வடிவு வெளியூர்க்காரி மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நடந்தாள். தெரியாத கடைகள், தெரியாத போர்டுகள், குதிரை மேல் தொப்பி போட்ட குழந்தைகள்.

"ஏய், உன் ஊருடி இது. உனக்கே நாங்க வழி காட்டணுமா?" என்று வேலுத்தாய் கேலி செய்தாள். வடிவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. கரையில் கேமராவோடு நின்ற போட்டோக்காரர் நல்லுசாமி மூன்று பேரையும் நிறுத்தினார். "நடுவுல நிக்கிற அம்மா, சிரிச்சது போதும்மா. படம் ஆடிப்போயிரும்" என்று அவரே கெஞ்சும்படி ஆனது. பிறகு படகு. மணி பன்னிரண்டு அடித்தபோது கரைக்குத் திரும்பலாம் என்றாள் வீரம்மாள். "இன்னொரு சுத்துப் போவோம்டி" என்று சொன்னது வேறு யாருமில்லை, வடிவுதான்.

சிநேகிதிகளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அவள் ஓடி வந்தபோது, பெருமாயி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கைக்குள் குப்பம்மாளின் கை இருந்தது. கீழே வீட்டுச் செம்பு.

"தண்ணி கேட்டுச்சுத்தா. கூப்பிட ஆளு இல்ல. நானே ஊத்துனேன். குடிச்சிருச்சு. பெறகு மூச்சு அடங்கிருச்சு" என்றாள். திட்டு விழும் என்கிற பயம் அவள் முகத்தில் இருந்தது.

மூன்று மணிக்குக் குழந்தைவேல் வந்து சேர்ந்தான். ஆத்தாளின் காலில் விழுந்து கதறினான். எழுந்ததும் எல்லோர் முன்னாலும் பெண்டாட்டியைப் பார்த்துக் கை கூப்பினான்.

"கடைசி வரைக்கும் நீ பக்கத்துல இருந்தியே வடிவு. அது போதும். நான் இல்லாத கொறை எங்காத்தாளுக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெருமுக்கத் தாண்டுனதில்லையே இந்தப் புள்ள! இந்தக் காலத்துல எவ செய்வா?" என்றாள் வந்திருந்த ஒருத்தி. இன்னொருத்தி ஆமாம் போட்டாள். ஒவ்வொருத்தர் புகழும்போதும் வடிவு பின்வாசலைப் பார்த்தாள். மாமியார் போனால் கதவு திறக்கும் என்று மனசின் ஏதோ மூலையில் நினைத்திருந்தாள். இப்போது ஊர் ஒன்று கூடி வெளியிலிருந்து தாழ்ப்பாள் போடுகிறது, அதுவும் நல்ல பெயரால். நியாயமாக அந்தப் பெயரில் பாதி பின்வாசலில் உட்கார்ந்திருப்பவளுடையது. அவளுக்கு இன்னும் ஒருவரும் ஒரு வாய் காப்பி கொடுக்கவில்லை.

நான்கு மணிக்குப் படம் எடுக்க ஆள் வந்தது. ஊரில் வேறு யார் இருக்கிறார்கள், நல்லுசாமிதான். குப்பம்மாளை நாற்காலியில் உட்கார வைத்து, சாயாமல் இருக்க இடுப்பில் துண்டைச் சுற்றிக் கட்டி, மாலை போட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நல்லுசாமி கேமராவை முக்காலியில் மாட்டிவிட்டு நிமிர்ந்தார். வடிவைப் பார்த்தார். அவர் கை ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

"தண்ணி ஊத்துன கை. மதினி, நீங்க ஆத்தா பக்கத்துல நில்லுங்க" என்று வள்ளி அவளை இழுத்து நிறுத்தினாள்.

"மேகம் எறங்கிருச்சு. வெளிச்சம் பத்தாது" என்றார் நல்லுசாமி. "நான் மூணு எண்ணுற வரைக்கும் யாரும் அசையக் கூடாது. ஒண்ணு…"

பிணத்தின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"ரெண்டு…"

"தண்ணி ஊத்துனது நான் இல்ல" என்றாள் வடிவு. "பெருமாயி ஊத்துனா. நான் வீட்லயே இல்ல. ஏரிக்குப் போயிருந்தேன்."

மூன்று என்பதை நல்லுசாமி சொன்னாரா என்பது யாருக்கும் தெரியாது. குழந்தைவேல் அவளையே பார்த்தான். கோபப்படுவான், கை ஓங்கினாலும் ஓங்குவான் என்று காத்திருந்தாள். ஓங்கினால் நல்லது என்றுகூட இருந்தது.

"ஏரிக்கா?" என்றாள் வள்ளி. அவள் குரல் அழுகையில் உடைந்தது. "ஐயோ பாவம், எங்க மதினிக்கு மனசு கலங்கிப்போச்சே! காலையிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. யாராச்சும் ஒரு மடக்கு சோடா குடுங்க."

"நெசமாத்தான் சொல்றேன். கேட்டுப் பாருங்க."

குழந்தைவேல் பின்வாசல் பக்கம் திரும்பினான். "ஏத்தா பெருமாயி, நீயா எங்காத்தாளுக்குத் தண்ணி குடுத்த?"

பெருமாயி எழுந்து நின்றாள். முற்றத்தில் இருந்த அத்தனை முகங்களும் அவள் பக்கம் திரும்பின. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், வடிவைக் கடைசியாகப் பார்த்தாள்.

"நான் வெறகு போட வந்தவ சாமி. எனக்கென்ன தெரியும்."

வடிவு நல்லுசாமியைப் பார்த்தாள். அவர் குனிந்து பிலிமைச் சுற்றிக்கொண்டிருந்தார். "படம் ஆடிப்போச்சு. இன்னொண்ணு எடுத்துருவோம்" என்றார். இரண்டாவது தடவை மூன்று எண்ணி முடிக்கிற வரை யாரும் அசையவில்லை. வடிவும்தான்.

பதினாறாம் நாள் காலையில், கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தை முன்வாசலில் குழந்தைவேலிடம் கொடுத்துவிட்டு, நல்லுசாமி பின்பக்கமாகச் சுற்றி வந்தார். "டீச்சரம்மா உங்க கையிலயே குடுக்கச் சொன்னாங்க" என்று ஒரு கவரை நீட்டினார். வேறு எதுவும் கேட்கவில்லை. வந்த வழியே போய்விட்டார்.

கவருக்குள் ஏரி இருந்தது. ஏரிக்கு முன்னால் மூன்று பேர். நடுவில் நிற்பவள் ஆடிப்போகாமல் தெளிவாக விழுந்திருந்தாள். இப்படியா சிரித்தோம் என்று வடிவுக்குக் கூச்சமாக இருந்தது. அந்த வீட்டில் அவளுக்கென்று பூட்டுகிற பெட்டி ஒன்றுகூடக் கிடையாது. அடுப்பில் போட்டுவிடலாம் என்று உள்ளே திரும்பியபோது பெருமாயி விறகை இறக்கினாள்.

"அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டாள் வடிவு.

"நான் குடுத்தேன்னு சொன்னா இந்த வீட்ல மட்டுமா, இந்தத் தெருவுலயே யாரும் எங்கிட்ட வெறகு வாங்க மாட்டாகத்தா. உனக்குப் பேரு போகும். எனக்குக் கஞ்சி போகும்." பெருமாயி சும்மாட்டை உதறினாள். போகப் போனவள் நின்றாள். "ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். நீ போனது கெழவிக்குத் தெரியும்."

"தூங்கிட்டுல்ல இருந்துச்சு?"

"எங்க தூங்குச்சு? தண்ணியக் குடிச்சிட்டு என்னையப் பாத்துச்சு. ஏரி நெறையத் தண்ணி கெடக்கான்னு கேட்டுச்சு. கெடக்குன்னேன். பாத்து எத்தன வருசமாச்சுன்னுச்சு. பெறகு கையப் புடிச்சுக்கிச்சு."

வடிவு அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டில் பதினோரு வருஷம் அடைந்து கிடந்தது தான் ஒருத்தி மட்டும்தான் என்று இருந்திருக்கிறாள். முதல்முறையாக மாமியாருக்காக அவளுக்கு அழுகை வந்தது. கூடத்தில் கருமாதிக் கூட்டத்துக்கு இலை போடச் சொல்லி வள்ளி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, காய் நறுக்குகிற கத்தியால் மாமியார் படச் சட்டத்தின் பின்பலகை ஆணிகளை நெம்பினாள். ஏரிப் படத்தை உள்ளே வைத்துப் பலகையை மூடி, ஆணிகளை அம்மிக்குழவியால் தட்டினாள்.

வெள்ளிக்கிழமை தோறும் வடிவு அந்தப் படத்துக்குப் பூ வைக்கிறாள். சட்டம் சாய்ந்துவிடக் கூடாது என்று அவள் பார்த்துப் பார்த்துச் சரி செய்வதைக் கண்டு, மாமியார் மேல் இப்படியொரு பாசமா என்று தெருவே பேசிக்கொள்கிறது. படத்தில் குப்பம்மாள் வாய் லேசாகத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி, ஏரி நிறையத் தண்ணீர் கிடக்கிறது.