பின்செல் பொத்தான்

அந்தத் திரையில் மொத்தம் எத்தனை பக்கங்கள் இருந்தன என்பதே எனக்கு இப்போது உறுதியாகச் சொல்ல வரவில்லை. ஐந்து என்றுதான் நினைவு. ஆரம்பத்தில் வரும் வரவேற்புப் பக்கத்தையும் சேர்த்தால் ஆறு என்று அதை எழுதியவனே ஒருமுறை சொன்னதாகவும் ஞாபகம். விசாரணை நடந்தது வியாழனா வெள்ளியா என்பதிலும் குழப்பம் உண்டு. இதைப் பலர் வாயிலிருந்து துண்டு துண்டாகக் கேட்டேன். நானே இட்டு நிரப்பிய இடங்களும் இருக்கும். இரண்டு எண்களில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. பதினாறு. பத்தேகால்.

விசாரணை நடந்த அன்று காலை அண்ணி (அந்த வீட்டில் கூப்பிடுகிறபடியே நானும் சொல்கிறேன்) சமையலறையில் ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். எட்டு நாட்களாக அவளுக்கு வேலை இல்லை. பத்தொன்பது வருடம் நர்ஸாக இருந்தவள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சீருடை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியபடியே இருந்தது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் ஒதுங்கிப் போனார்கள்.

அவளுடைய வார்டில் இருந்த வயதான தையற்காரி ஒருத்திக்கு நரம்பு வழியாக ஏற்றிய மருந்து அளவு மீறிவிட்டது. மூச்சு நின்றுபோகும் நிலை வரை போய்ப் பிழைத்தாள். கணினிப் பதிவில் எடை நாற்பத்தொரு கிலோ என்றும், மருந்து மணிக்குப் பதினாறு மில்லி என்றும் இருந்தது. நாற்பத்தொரு கிலோவுக்கு ஏறியிருக்க வேண்டியது பத்தேகால்தான். எடையைக் கொடுத்தால் அளவைக் கணினியே போட்டுத் தரும். டாக்டர் சொன்னால் நர்ஸ் அதைக் கையால் மாற்றவும் இடம் உண்டு. டாக்டர் எதுவும் சொல்லவில்லை. ஆகவே அண்ணி ஏதோ நினைப்பில் கையால் மாற்றிவிட்டாள் என்று பேச்சு. பதினொரு மணிக்கு விசாரணை. தவறு அவளுடையதுதான் என்று எழுதிவிட்டால் உரிமம் போய்விடும். அதன்பின் எந்த மருத்துவமனைப் படியையும் வேலைக்கென்று அவள் ஏற முடியாது.

அந்தக் கணினித் திரையை எழுதியவன் அவளுடைய கொழுந்தன். ஒரே வீடு, மாடியறை அவனுடையது. இந்த எட்டு நாளில் வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சம்பவத்துக்கு மறுநாளே அவன் அலுவலகத்தில் நாற்பத்தொன்று என்று அடித்து நூறு முறையாவது சோதித்துப் பார்த்தான். நூறு முறையும் பத்தேகால். கடைசியில், அண்ணிக்குத்தான் கை தவறியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டபோது வந்த நிம்மதி அவனுக்குப் பிடிக்கவில்லை. அதனால் எட்டு நாளாக அண்ணியின் முகத்தைப் பார்த்துச் சாப்பிடவில்லை.

அன்று தட்டைக் கழுவப் போட வந்தவனிடம் அவள், குழாயைப் பார்த்தபடியே பேசினாள்.

"அங்க என்ன கேட்பாங்கன்னு தெரியல தம்பி. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் நல்லா ஞாபகம் இருக்கு. சீட்டுல அறுபத்துநாலுன்னு இருந்துச்சு, அதைத்தான் முதல்ல அடிச்சேன். அப்புறம் அந்தம்மா கையைப் பார்த்தா குச்சி மாதிரி இருக்கு. தராசுல ஏத்தினேன். நாற்பத்தொண்ணு. போய் மாத்தினேன்."

"எங்க போய்?"

"பின்னாடி. ரெண்டு பக்கம் பின்னாடி." அவள் குழாயை மூடினாள். "நீதானே அழியாம சரி பண்ணிக் கொடுத்தே."

தட்டு அவன் கையிலேயே இருந்தது. அண்ணி அதை வாங்கிக்கொண்டு, போய் வேலையைப் பார் என்று சொன்னாள்.

அந்தத் தொழிலில் இப்படிப்பட்ட திரையை ‘விசார்ட்’ என்பார்கள். கையைப் பிடித்துப் பக்கம் பக்கமாக அழைத்துப் போகும். நோயாளியின் பெயர், எடை, மருந்து, மருந்தின் அளவு, கடைசியில் எல்லாவற்றின் தொகுப்பு. கீழே மூன்றே பொத்தான்கள்: பின்செல், அடுத்து, முடி. இதையெல்லாம் பொத்தான் பொத்தானாக யாரும் செதுக்குவதில்லை. அதற்கென்று தயார்ப் பெட்டிகள் கிடைக்கின்றன. அவற்றை எடுத்துக் கோத்தால் போதும். இவன் எடுத்த பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. பின்செல் அழுத்தினால், விட்டு வந்த பக்கத்தைத் துடைத்துவிடும். மறுபடி முன்னால் போகும்போது அந்தப் பக்கத்தைப் புதிதாகத் தயார் செய்யும்.

ஆறு மாதம் முன்பு ஒரு மத்தியானம், சாப்பிடும்போது அண்ணி குறைபட்டுக்கொண்டாள். ஒரு எழுத்தைத் திருத்தப் பின்னால் போனால் மருந்தின் பெயர், புட்டி எண், எல்லாம் அழிந்து போகிறது. மறுபடி அடிப்பதற்குள் நோயாளியே எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார் போலிருக்கிறது என்றாள். அண்ணன் சிரித்தான். இவன் எப்போதுமே அதிகம் பேசுகிறவன் இல்லை. மறுநாள் ஒரே ஒரு வரி சேர்த்தான். இந்தப் பக்கங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லும் வரி. அதன்பின் எதுவும் அழியவில்லை. அண்ணி அவனுக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தாள். முறைப்படி மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்து, கூட்டம் போட்டு, எழுதி வைத்துச் செய்ய வேண்டிய மாற்றம் அது. வீட்டு விஷயம் என்று நினைத்துவிட்டான்.

ஒன்பதே முக்காலுக்கு அலுவலகத்தில் தன் மேசையில் உட்கார்ந்து அறுபத்துநாலு என்று அடித்தான். அடுத்து. மருந்தைத் தேர்ந்தான். அடுத்து. பதினாறு என்று வந்தது. பின்செல். பின்செல். அறுபத்துநாலை அழித்து நாற்பத்தொன்று. அடுத்து. மருந்தின் பெயர் அழியாமல் அப்படியே இருந்தது. அடுத்த முறை அழுத்த விரல் கொஞ்சம் தயங்கியது. அழுத்தினான்.

பதினாறு.

பக்கம் ஏற்கெனவே தயாராகிவிட்டது, மறுபடி தயார் செய்ய வேண்டியதில்லை என்று அந்தப் பெட்டி நினைத்துக்கொண்டது. அவன்தானே அப்படிச் சொல்லி வைத்திருந்தான். சார்ந்தவை அல்ல என்று. தொகுப்புப் பக்கத்தில் நாற்பத்தொன்றும் பதினாறும் அருகருகே, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போல நின்றன. நூறு முறை சோதித்தபோதும் அவன் ஒரு முறைகூடப் பின்னால் போகவில்லை. எழுதியவனுக்கு வழி தெரியும்; வழி தெரிந்தவன் திரும்பி நடப்பதில்லை.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. சோதனை செய்பவள் நின்றிருந்தாள். எந்தப் பிழையும் அவளைத் தாண்டிப் போகாது என்பதால் அலுவலகத்தில் அவளுக்குச் ‘சல்லடை’ என்று பெயர். எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ தெரியாது. இந்த மாற்றம் எப்போது செய்தது என்று கேட்டாள். அவன் மாற்றங்களைக் குறித்து வைக்கும் பழைய பதிவைத் திறந்து காட்டினான். அதில் ‘பொத்தான் அளவு சரிசெய்தல்’ என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரியை அதோடு சேர்த்து உள்ளே தள்ளியிருந்தான்.

"பொத்தான் அளவுன்னு கொடுத்தே," என்றாள் அவள் நிதானமாக. "நானும் பொத்தானை அளந்தேன். ரொம்ப அழகா இருந்துச்சு."

மேலாளர் அறையில் மணி பத்தைத் தாண்டியது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இவன் நினைத்தான். கதவைச் சாத்திவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு கணக்கு வாத்தியார் போல விளக்கினார். இன்றே திருத்திவிடலாம், நாளைக் காலை புதிய பதிப்பு என்று அனுப்பிவிடலாம். இருபத்திரண்டு பேர் இங்கே வேலை பார்க்கிறார்கள். விசாரணை என்றால் அண்ணிக்கு அதிகம் போனால் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். உரிமம் போகும் என்று அவன் சொன்னதற்கு, அது சும்மா மிரட்டல் என்றார்.

"இன்னொண்ணு யோசிச்சியா? நீ போய்ச் சொன்னா யாரு நம்புவா? அண்ணியைக் காப்பாத்தக் கொழுந்தன் ராத்திரியோட ராத்திரியா ஒரு பிழையைச் செஞ்சு எடுத்துட்டு வந்திருக்கான்னு சொல்லுவாங்க. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லுவேன்."

அதில் உண்மை இருந்தது. அதுதான் அவனை அசையவிடாமல் செய்தது. பத்து இருபது. அவன் கண்ணாடிச் சுவர் வழியாக வெளியே பார்த்தபடி நின்றான். அவனுக்குக் கேட்டது எங்கோ ஒரு சுட்டியின் சொடுக்கு. யாரோ எந்த வார்டிலோ பின்செல் அழுத்துவது போல. பதினொரு வார்டுகளில் அந்தத் திரை ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு வெளியே சல்லடை தொலைபேசியை எடுத்தாள். யாரிடமும் கேட்கவில்லை. மேசையில் ஒரு பட்டியலை வைத்து, ஒவ்வொரு எண்ணாகச் சுழற்றி, ஒரே வாக்கியத்தை ஒரே குரலில் சொல்லிக்கொண்டே போனாள். கதவு சாத்தியிருந்தாலும் உள்ளே கேட்டது.

"மருந்தளவு பக்கத்துல பின்செல் அழுத்தாதீங்க. அழுத்தியிருந்தா மூடிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிங்க. இப்ப ஓடிட்டிருக்கிற எல்லாத்தையும் கையால கணக்குப் போட்டுப் பாருங்க. ஆமா, நாங்கதான் சொல்றோம்."

மேலாளர் மடித்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார். மூன்றாவது அழைப்பு முடிந்தபோது, போ என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

விசாரணை அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் அண்ணன் குனிந்து உட்கார்ந்திருந்தான். மடிக்கணினியோடு ஓடி வரும் தம்பியைப் பார்த்ததும் எழுந்தான். "உன்னால ஏதாவது ஆகுமாடா?" என்று கேட்டான். "என்னாலதான் ஆச்சுண்ணா," என்று சொல்லிவிட்டு இவன் கதவைத் தள்ளினான்.

நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைமை மருத்துவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். எதிரே அண்ணி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி. இவன் தான் யார் என்று சொன்னான். என்ன உறவு என்பதையும் சொன்னான். பிழை ஒன்று இருக்கிறது என்றான். மருத்துவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மேலாளர் சொன்னது போலவே நம்பிக்கையில்லாமல், அவர் பக்கத்தில் இருந்த மருத்துவமனை வக்கீல் சிரித்தார்.

மடிக்கணினியைத் திறந்து செய்து காட்டப் போனவனை மருத்துவர் கையமர்த்தினார். நீங்கள் தொட வேண்டாம் என்றார். அவனுடைய மடிக்கணினியும் வேண்டாம், வார்டில் இருந்த கணினியையே கொண்டு வரச் சொன்னார். சுவர்க் கடிகாரம் பழுதாகி நின்றிருந்தது. அது வர எவ்வளவு நேரம் ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது. கணினி வந்ததும் அதை அண்ணியின் பக்கம் திருப்பினார்.

"அன்னைக்கு என்ன செஞ்சீங்களோ அதை மட்டும் செய்ங்க."

அண்ணிக்கு ஒன்றும் தெரியாது. பிழை எங்கே என்று இவன் அவளிடம் சொல்லவே இல்லை. அவள் வேறு மாதிரி செய்தால், வேறு பக்கத்திலிருந்து திரும்பினால், எல்லாம் போச்சு. எடைப் பக்கத்துக்குப் போவதற்குள் பதறி நிறுத்திவிட்டாலும் போச்சு. அவன் அவளைப் பார்க்காமல் திரையையே பார்த்தான். அவள் கைப்பையைத் தரையில் வைத்தாள். அறுபத்துநாலு என்று அடித்தாள். அடுத்து. மருந்து. புட்டி எண்ணை யோசித்து அடித்தாள். அடுத்து. பதினாறு என்று வந்தது. அவள் விரல் நின்றது.

"இந்த இடத்துலதான் அவங்க கையைப் பிடிச்சு நரம்பு தேடினேன்," என்றாள், தனக்கே சொல்வது போல. "அறுபத்துநாலு கிலோவுக்கான கை இல்ல அது."

பின்செல். பின்செல். நாற்பத்தொன்று. அடுத்து. அடுத்து.

பதினாறு.

தலைமை மருத்துவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கினார். ஒரு காகிதத்தில் கிலோவுக்குக் கால் மில்லி என்று பெருக்கிப் பார்த்தார். மறுபடி செய்யச் சொன்னார். அண்ணி மறுபடி செய்தாள். மூன்றாம் முறை அவரே செய்தார். வக்கீல் சிரிக்கவில்லை.

அண்ணி திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள். "முடி அழுத்துறதுக்கு முன்னாடி நான் இந்த எண்ணைப் பார்த்திருக்கணும். எடையை மாத்தினேன், மத்தது தானா மாறும்னு விட்டுட்டேன். அது என் தப்புதான்."

மருத்துவர் இவன் பக்கம் திரும்பி, இந்த மாற்றத்தை யார் கேட்டது, கடிதம் எங்கே என்றார். இவன் வாய் திறந்தான். நானாகச் செய்தேன் என்று சொல்லிவிட முடிவு செய்திருந்தான். அது பாதி உண்மைதானே. அதற்குள் அண்ணி பேசிவிட்டாள்.

"நான்தான் கேட்டேன் சார்."

"எந்தக் கூட்டத்துல?"

"வீட்டுல," என்றாள் அண்ணி. "சாப்பிடும்போது."

மருத்துவர் அதையும் அந்தக் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

தையற்காரி பதினேழாம் நாள் வீட்டுக்குப் போனாள். இன்னும் தைக்கிறாள், ஆனால் வலது கை கொஞ்சம் நடுங்குகிறது. அண்ணியின் உரிமம் போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் இரண்டு மாதத் தற்காலிக வேலைநீக்கமும் கிடைத்தன. மூன்றாம் மாதம் ஆணியிலிருந்து சீருடையை எடுத்து, மறுபடி இஸ்திரி போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனாள். கொழுந்தனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கைக் கணினியில் பார்க்கிறான். வீட்டில் யாராவது எதையாவது சரி பண்ணித் தரச் சொன்னால் எழுதிக் கொடுங்கள் என்கிறான், அண்ணி எழுதியும் கொடுக்கிறாள். மேலாளர் நிறுவனத்தை ஒரு வருடத்தில் மூடிவிட்டார். சல்லடை அதே மருத்துவமனையிலேயே சேர்ந்து, புதிதாக வரும் ஒவ்வொரு திரையையும் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிச் சோதிக்கிறாள்.