ஆல்டர்மேன் ஸ்பர்லிங்கின் கை

தலை மாற்றுவது லண்டன் படக்கடைக்காரர்களுக்குக் கைவந்த கலை. ஒருவனைப் பார்த்து ஊர் சிரித்து ஓய்ந்துவிட்டால், படம் அச்சடிக்கும் செப்புத் தகட்டில் அவன் முகத்தைச் சுரண்டி, முதுகுப் பக்கம் சுத்தியலால் தட்டிச் சமமாக்கி, அதே கழுத்தின்மேல் இன்னொருவன் முகத்தைச் செதுக்கிவிடுவார்கள். தொப்பை பழையது, தலை புதியது. வாங்குகிறவனும் கண்டுகொள்வதில்லை.

அன்று அந்த வேலை டார்கஸ் விம்பிளின் தலையில் விழுந்தது. பென்னிக்கின் கடையில் அவள் செதுக்கிய கேலிப்படங்கள் ஏராளம். ஆனால் இப்போது தலை மாற்ற வந்த இந்தப் படம்போல ஒன்று அவளுக்கு அமைந்ததே இல்லை. நகரசபைப் பெரும்புள்ளி ஆல்டர்மேன் ஸ்பர்லிங், ஒரு விருந்தில் தன் சிவப்பு அங்கியோடு ஆமை சூப் முன் உட்கார்ந்திருக்கிறார். டோப்பா ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. ஓர் ஏழைப் பெண் உள்ளே நுழைந்து மிச்சம் மீதி கேட்டுக் கிண்ணத்தை நீட்டுகிறாள். அவரோ தன் கிண்ணத்தை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறார். விருந்து மண்டபத்தின் மேல்மாடத்தில் நின்று வேடிக்கை பார்த்தபோது டார்கஸ் கண்ணால் கண்டது அது. அந்த ஆளை அவளுக்குப் பிடிக்காது. அந்த முகத்தை மட்டும் பெற்ற பிள்ளையைப் போல நேசித்தாள்.

"யாரு தலையா இருந்தா உனக்கென்னம்மா?" என்றார் பென்னிக். "நேத்து விருந்துல நகரசபை கிராடாக்கோட டோப்பா மெழுகுவத்தில பத்திக்கிச்சாம். ஊரே அதைத்தான் பேசுது. ஸ்பர்லிங்கை எடுத்துட்டு அவரை வை."

"கிராடாக்குக்குப் புதுத் தகடு குடுங்களேன் முதலாளி. இப்படி ஒரு முகம் எனக்கு இன்னொரு தடவை வராது."

"புதுசா செதுக்கி முடிக்கறதுக்குள்ள எதிர்க்கடைக்காரன் முந்திக்குவான். ஆகற வேலையைப் பாரு."

அவள் சுரண்டியைக் கையில் எடுத்தாள். அது தகட்டில் படவே மாட்டேனென்றது. அந்த நேரம் பார்த்து வாசலில் கூட்டம் விலகியது. ஜன்னலில் தொங்கிய படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஸ்பர்லிங்கே உள்ளே வந்தார்.

பென்னிக் அவசரமாகக் கல்லாவைப் பூட்டினார். வழக்குதான், சந்தேகமே இல்லை.

"இதை வரைஞ்சவன் யாரு?"

"ஒரு டச்சுக்காரருங்க ஐயா. பாவம், போய்ச் சேந்துட்டாரு."

"நான்தாங்க," என்றாள் டார்கஸ்.

பென்னிக் அவளை முறைத்துவிட்டுக் குழைந்தார். "உங்க முகத்தைத்தான் இப்ப எடுத்துக்கிட்டிருக்கோம். இனிமே அது கிராடாக் ஐயாங்க."

"கிராடாக்கா? அந்த ஒட்டடைக்குச்சிக்கா என் தொப்பை? இதை நான் எவ்வளவு பாடுபட்டு வளத்தேன் தெரியுமாய்யா?"

வாசலில் சிரிப்பு வெடித்தது. ஸ்பர்லிங்கும் கொஞ்சம் சிரித்தார். பிறகு டார்கஸின் மேஜைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"முகம் இருக்கட்டும். டோப்பாவை வேணும்னா இன்னும் சாய்ச்சுக்கோ. அந்தக் கையை மட்டும் எடுத்துடும்மா. ஒரு கரண்டியைப் பிடிக்கிற மாதிரி மாத்திடு."

"இதோ ஆச்சுங்க," என்றார் பென்னிக்.

டார்கஸ் தகட்டையே பார்த்தாள். கையை எடுத்தால் முகம் பிழைக்கும். காலையிலிருந்து அவள் ஏங்கியது அதற்குத்தான்.

"முடியாதுங்க," என்றாள். "அந்த முகமே அந்தக் கையாலதான் அப்படி இருக்கு. கை போனா இது வெறும் சாப்பாட்டுராமன் படம். அதுக்குத் தலையையே எடுத்துடறேன்."

சுரண்டியைத் தகட்டில் வைத்தாள். இந்த முறை கை பின்வாங்கவில்லை.

"இரு. காட்டு அதை."

ஸ்பர்லிங் தகட்டை வெளிச்சத்தில் பிடித்தார். தாளில் பார்த்தபோது யாரோ ஒரு கோமாளியாக இருந்தது. செம்பில் இடம் வலமாக, வலம் இடமாக இருந்தது. சவரம் செய்யும்போது தினமும் கண்ணாடியில் பார்க்கிற அதே ஆள்.

"அந்தப் பொம்பளை அப்புறம் என்ன ஆனா?"

"அழுதுக்கிட்டே வெளியே போனாங்க. நீங்க திரும்பிப் பாக்கல."

"பாத்தேன்," என்றார் ஸ்பர்லிங். "அதையும் நீ இங்க கண்ணுல போட்டிருக்கியேம்மா. உனக்கே தெரியாமலா?"

டார்கஸ் குனிந்து பார்த்தாள். அந்தக் கண்களைச் செதுக்கும்போது ஊசி தானாக ஒரு கோட்டைக் கூட்டியது அவளுக்கு நினைவிருந்தது. ஏன் என்று இப்போதுதான் புரிந்தது.

அவர் தகட்டைப் பத்திரமாக அவள் முன் வைத்தார். "பென்னிக், கிராடாக்குக்கு வேற தகடு குடு. இதை யாரும் தொடக்கூடாது. எனக்கு இதுல ஒரு படம் வேணும்."

பென்னிக் உயிர் வந்தவராக, வண்ணம் தீட்டிய படங்களிலேயே நல்லதாக ஒன்றை உருவினார்.

"அது வேணாம், வண்ணம் போடாததைக் குடு," என்றார் ஸ்பர்லிங். "வண்ணம் போட்டா எல்லாரும் என் சிவப்பு அங்கியைத்தான் பாக்கறாங்க."