பூஜ்யத்தில் கலந்த வாசனை

பெட்டி அலறவில்லை.

கண்ணாடிக் கூண்டுக்குள் கார்பன் மோனாக்சைடு ஏறிக்கொண்டே போனது. ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடக்கூடிய அளவைத் தாண்டியும், உள்ளே இருந்த வெள்ளை எச்சரிக்கைப் பெட்டியின் விளக்கு பச்சையாகவே எரிந்தது.

வஸீலா வால்வை மூடினாள்.

அல்ஜீரியாவின் புர்ஜ் பூ அரேரிஜ் நகரிலிருந்த அந்த கேஸ் சென்சார் தொழிற்சாலையில் சரிபார்ப்புப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. பெட்டி ஏன் ஊமையானது என்று அவளுக்குத் தெரியும். சென்ற வாரமே தெரியும்.

இத்தாலியின் டூரினிலிருந்து வியாபாரக் கூட்டாளிகள் வந்த நாள் அது. வாசலில் விருந்தாளிகள் மேல் தெளிக்க ஆரஞ்சுப்பூப் பன்னீர் தீர்ந்துபோயிருந்தது. வஸீலா அவசரத்தில் தன் கல்யாண வெள்ளிச் செம்பில் கொலோன் சென்ட்டை ஊற்றி நிரப்பினாள். விருந்தாளிகளின் தலை, கோட்டு எல்லாம் நனைந்தன. மணக்க மணக்க அவர்களை நேராகச் சரிபார்ப்புக் கூடத்துக்கு அழைத்து வந்துவிட்டார் டைரக்டர் லக்தர். அங்கே உற்பத்தி லைன் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சென்சாருக்கும் 'இதுதான் சுத்தமான காற்று, இதுவே உனக்குப் பூஜ்யம்' என்று கற்பிக்கும் கட்டம். அந்த சென்சாரோ சென்ட்டில் இருக்கும் சாராய ஆவியையும் விஷவாயுவாகவே எண்ணும். அந்தக் காற்றையே அது பூஜ்யமென்று பிடித்துக்கொண்டால், பிறகு நிஜ விஷம் வந்தாலும் குறைத்துத்தான் காட்டும்.

வாசனை மூக்கில் ஏறிய அந்த நொடியே சிவப்புப் பொத்தானை அமுக்கியிருக்க வேண்டும். விருந்தாளிகள் எதிரில் லைனை நிறுத்துவதா? 'விசிறி வாசனையை வெளியே இழுத்துடும்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மாடிக்கு ஓடினாள். கூட்ட அறைத் திரையில் ஒரு கோடு மலை ஏறிக்கொண்டிருந்தது.

"மூணு வருஷத்துல விற்பனை ரெட்டிப்பு. அல்ஜீரியாவுல வீட்டுக்கு ஒரு பெட்டி. அப்புறம் துனிஸ், டக்கார். நாளைக்கு தண்ணி சென்சார், தொழிற்சாலைப் புகை சென்சார்..." லக்தர் முழங்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வெளியே வந்தார்.

"விருந்தாளிங்க வந்தன்னிக்கு செஞ்ச லாட் மொத்தமும் கெட்டுப்போச்சு சார். லாரில ஏத்தாதீங்க."

"இன்னிக்கா சொல்வே? இன்னும் கொஞ்ச நேரத்துல டூரின்காரங்களோட ஒப்பந்தக் கையெழுத்து!"

"சார், ஆளுங்க செத்துருவாங்க."

"கையெழுத்து ஆனதும் பேசிக்கலாம். போ, மூஞ்சியைக் கழுவிக்க. பேய் அறைஞ்ச மாதிரி இருக்கே."

கதவு மூடியது.

படியிறங்கியபோது டிரைவர் ஸ்லிமான் எதிரே வந்தார். கையில் ஒரு கிண்ணம் தமீனா, வறுத்த ரவையில் தேனும் வெண்ணெயும் பிசைந்த பிள்ளைப்பேற்று இனிப்பு.

"வாயைத் திற மகளே! எம்பொண்ணு நெஜ்மாவுக்குப் பையன். மலை மேல ஸம்மூராவுக்குப் போயி பார்த்துட்டு வர்றேன். நம்ம பெட்டியையும் மாட்டிட்டேன்ல!"

"எந்தப் பெட்டி சாச்சா?"

"விருந்தாளிங்க வந்தன்னிக்கு செஞ்சதுல ஒண்ணு. டைரக்டரே அன்பளிப்பாக் குடுத்தாரு."

வஸீலா தமீனாக் கிண்ணத்தை விலக்கினாள்.

"வண்டியை எடுங்க. ஒரு சோதனை பண்ணணும்."

"இந்தப் பனியிலயா?"

"எடுங்க சாச்சா!"

கையடக்க மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். மலைப்பாதை வெள்ளையாகக் கிடந்தது. நெஜ்மாவின் போனை அழைத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

"தூங்குவா. பச்சைப் பிள்ளைக்காரியாச்சே" என்று சிரித்தார் ஸ்லிமான். "முன்னெல்லாம் கேஸ் ஹீட்டர் போட்டா ஜன்னலைத் திறந்து வைன்னு கத்துவேன். இப்ப என்ன பயம்? இடுக்குலயெல்லாம் பழைய போர்வையைத் திணிச்சு நானே அடைச்சேன். பச்சை விளக்கு எரியிற வரைக்கும் ராணி மாதிரி தூங்குடின்னு சொல்லிட்டு வந்தேன்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அடித்துக்கொண்டது உள்ளே. இந்த வளைவுகளில் சொன்னால் அவர் கை ஸ்டியரிங்கில் நிற்குமா? அது நியாயமான காரணம்தான். சென்ற வாரமும் இப்படி ஒரு நியாயமான காரணம் இருந்தது.

வீட்டுக் கூரையிலிருந்த புகைக்குழாயின் வாயைப் பனி மூடியிருந்தது. கதவைத் தட்டினார்கள். பதில் இல்லை. ஸ்லிமான் தோளால் மோதினார். இரண்டாம் மோதலில் தாழ்ப்பாள் தெறித்தது.

வாசற்படியிலேயே மீட்டர் வீறிட்டது.

"மூச்சை அடக்கிக்கிட்டு போங்க! நெஜ்மாவைத் தூக்குங்க!"

கட்டிலில் நெஜ்மா சிவந்த கன்னங்களோடு கிடந்தாள். வஸீலா ஹீட்டரை அணைத்தாள், தொட்டிலிலிருந்து குழந்தையை வாரினாள். சுவரில் வெள்ளைப் பெட்டி. பச்சை விளக்கு.

வெளியே பனியில், நெஜ்மா இருமி வாந்தியெடுத்தாள். "தலை... வெடிக்குதுப்பா." வஸீலாவின் மார்பில் குழந்தை முதலில் முனகியது. பிறகு ஊரே கேட்கும்படி அழுதது.

ஸ்லிமானும் அழுதார். "அல்லாஹ்தான் உன்னை அனுப்பினான் மகளே! உனக்கு எப்படித் தோணுச்சு? உன் காலைக் கழுவிக் குடிக்கணும்!"

போன் அடித்தது. லக்தர்.

"கையெழுத்து ஆச்சு! எங்கே இருக்கே? லாரி கிளம்பப் போவுது."

ஸ்லிமான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி வழியும் அந்தக் கண்களுக்கு நேராகவே அவள் பேசினாள்.

"லாரியை நிறுத்துங்க சார். அந்த லாட் வேலை செய்யாது. செம்புல சென்ட்டை ஊத்தினது நான். வாசனை வந்தும் லைனை நிறுத்தாதது நான். ஸ்லிமான் சாச்சா பேரன் சாகப் பார்த்தான். நீங்க நிறுத்தலைன்னா டூரின்காரங்ககிட்டே நானே பேசறேன். போனை அவங்ககிட்டே குடுங்க."

மறுமுனையில், தூரத்தில் யாரிடமோ, "கேட்டை மூடச் சொல்லு, லாரி போகக் கூடாது" என்றார் லக்தர்.

அவள் போனை இறக்கினாள்.

ஸ்லிமான் அருகில் வந்து, அவள் கையிலிருந்து குழந்தையை மெதுவாக வாங்கிக்கொண்டார். நெஜ்மாவை முன் சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, அவள் மடியில் பிள்ளையைக் கிடத்தினார்.

பிறகு பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வஸீலாவைப் பார்க்காமலே சொன்னார்:

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஏறுங்க மேடம்."