வலப்பக்க வேர்

பாடையைச் சுமந்து வந்த ஆறு பேரும் உயிருள்ள மரவேர்களைப் பின்னி வளர்த்த வேர்ப்பாலத்தின் முனையில் நின்றார்கள். மூன்று நாள் மழை கீழே ஓடையில் உறுமிக்கொண்டிருந்தது.

"தாங்குமா?" என்றான் முன்னால் நின்றவன்.

"சோஹ்ரா சந்தைக்குப் பாக்கு மூட்டையோட நாப்பது பேர் போற பாலம். நோவுல பாதியாப் போனவனையா தாங்காது?" என்றாள் ஃபிடாலியா, இறந்த கோர்டோரின் அக்கா. "இருபத்தெட்டு வருஷம் பொண்டாட்டி வீட்டுல படுத்தான். எரிச்ச எலும்பு எங்க அம்மா வழிக் குலத்துக் கல்லுக்கடியிலதான் சேரணும். நடங்கடா."

கோர்டோரின் மனைவி இபா, கரையில் நின்றபடி பாலத்து நடுப்பகுதியின் வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் அது. விடிந்தால் அவன் அக்கரையில் அக்காவின் பாக்குத்தோப்புக்குப் போய்விடுவான். இருட்டினால் சோற்றுக்கு வருவான். ஒரு மத்தியானம் இபா வெட்டுக்கத்தியோடு வந்து, அவன் போகும் வழியே இல்லாமல் போகட்டும் என்று, நடைபாதையை வலப்பக்கம் தாங்கும் வேர் ஒன்றை அடியில் அறுத்தாள். பால் வடிந்தது. அவள் ஓடிப்போனாள். உயிருள்ள வேரை வெட்டுவதைவிடப் பெரிய பாவம் அந்த ஊரில் இல்லை. அன்றிலிருந்து இடப்பக்கம் ஒட்டியே பாலத்தைக் கடந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

பாடை அசைந்தது.

"நில்லுங்க. நான் முன்னாடி போறேன்" என்றாள் இபா.

"செத்தவனுக்கு முன்னாடி பொண்டாட்டி போறது எந்த ஊரு வழக்கம்?"

இபா பாலத்தில் ஏறி நடந்தாள். நடுவில் மண்டியிட்டு, பாசிக்குள் கையை விட்டு அடியில் தடவினாள். அறுத்த இடம் கிடைக்கவில்லை. யாரோ இளவேர்கள் இரண்டை இழுத்து அதன்மேல் கட்டியிருந்தார்கள். இப்போது அவை மணிக்கட்டுப் பருமன்; ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. விரலால் முடிச்சைத் தேடினாள். எல்லோரும் போடுகிற பக்கமாக இல்லாமல் எதிர்ப்பக்கமாக முறுக்கிய முடிச்சு.

ஊரில் கோர்டோர் ஒருவனுக்குத்தான் இடக்கைப் பழக்கம்.

அவள் எழுந்திருக்க நேரமாயிற்று.

"என்னடி தேடுற?"

"ஒண்ணுமில்லக்கா. தூக்கிட்டு வாங்க."

வலப்பக்கமாகவே நடந்து அக்கரை சேர்ந்து, திரும்பி நின்றாள். பாடை நடுவுக்கு வந்தது. பாலம் லேசாக அமிழ்ந்து எழுந்தது.

கரையேறியதும் ஃபிடாலியா மடியிலிருந்து பாக்கும் வெற்றிலையும் எடுத்து நீட்டினாள். "போட்டுக்க. செத்தவங்க கடவுள் வீட்டுல பாக்கு மெல்லுவாங்கம்பாங்க, அவனும் இந்நேரம் மென்னுக்கிட்டு இருப்பான். கையென்ன, பூரா பாசி? கழுவிட்டு வாங்கு."

இபா கழுவவில்லை. அந்தக் கையாலேயே வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.