புகைமேல் ஒரு பூச்சு

1

இந்தக் கதைக்குக் காரணம் என் கஞ்சத்தனம். மச்சினன் கல்யாணத்துக்குக் கறுப்பு ஷூ வேண்டும். என்னிடம் இருந்தது பழுப்பு. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வாஜித் கடையில் சாயம் ஏற்றக் கொடுத்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கல்வராயன் மலைமீது கருமேகங்கள் கவிந்து...'

(விட்டுவிட்டேன். கடைக்குள்ளிருந்து பார்த்தால் மலை தெரியாது. எதிரே டீக்கடைதான்.)

2

வாஜித் பழைய பாலிஷைச் சுத்தமாகத் துடைத்தெடுப்பார். சாயத்தை மெல்லிசாக மூன்று தடவை ஏற்றி, ஒரு ராத்திரி காயவிட்டு, அதன்மேல் பூச்சு போடுவார். பூச்சு இல்லாத சாயம் முதல் மழையிலேயே சாக்ஸுக்கு இறங்கிவிடும்.

(துடைக்க ஸ்பிரிட் நல்லது. கருணாபுரத்துக் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு அதைக் கடையில் போய்க் கேட்க அவருக்கு வாய் வருவதில்லை. மனைவி நௌஷீனின் நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்துக்கொள்கிறார். நௌஷீனுக்கு இதில் சம்மதமில்லை.)

சனிக்கிழமை இளவரசன் வந்தான். வெள்ளிமலைப் பக்கம் சாமை விதைக்கிறவன். திங்கட்கிழமை ஒரு பெட்ரோல் பங்க்கில் வாட்ச்மேனாகச் சேர வேண்டும். இரண்டு வருஷம் அலைந்து கிடைத்த வேலை. கறுப்புத் தோல் ஷூ இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கையில் மாமன் கொடுத்த பழுப்பு ஷூ.

"பாய், இன்னைக்கே முடிச்சிக் குடுத்துடுங்க. கடைசி பஸ்ஸு போய்டும்."

"சாயம் ஏத்திடறேன் தம்பி. அது காயாம பூச்சு போட்டா உரிஞ்சிக்கினு வந்துடும். பூச்ச பாட்டில்ல ஊத்தித் தரேன். ராத்திரி சூடான எடமா வெச்சிக் காயவுடு, காலைல நீயே தடவிக்கோ."

('சூடான' என்ற சொல் என்னுடையது. வாஜித் 'காத்தாட' என்றுதான் சொல்லியிருப்பார். அப்படிச் சொன்னால் கதை இங்கேயே முடிந்துவிடும் என்று மாற்றினேன்.)

3

இளவரசன் வீட்டில் சூடான இடம் ஒன்றுதான்: அடுப்புக்கு மேலே இருக்கும் பரண். விதைச் சோளமே அங்கேதான் தொங்கும். புகை பட்டால் வண்டு அண்டாது. விதைக்கு நல்லது ஷூவுக்கும் நல்லதுதானே என்று, கதிர்களுக்குப் பக்கத்தில் ஷூவையும் கட்டித் தொங்கவிட்டான். காலையில் ஒழுங்காகப் பூச்சைத் தடவினான்.

பூச்சு பிரமாதம். தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடியது. புகை வாசம் மட்டும் கால் நுழைக்கிற வழியாக நிதானமாக வெளியே வந்துகொண்டிருந்தது.

4

பங்க் சூப்பர்வைசர் தங்கமணி ஷூவைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் மூக்கைச் சுருக்கினார்.

"பீடி புடிச்சியா?"

"இல்லீங்க. ஷூதாங்க. அடுப்புமேல காய வெச்சேன்."

"அடுப்புமேல ஷூவா? இன்னா, கதையா வுடற?"

"வாஜித் பாயக் கேட்டுப் பாருங்க சார். அவர்தான் சூடா வெக்கச் சொன்னாரு."

முடிவு அ: தங்கமணி சிரித்து, விசிலை எடுத்துக் கொடுத்தார். (எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு ஆ: இளவரசன் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மலை பஸ்ஸில் ஏறி...

(முடியவில்லை. இந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.)

5

தங்கமணி போன் போடுகிறார். வாஜித் கடையில் மணி அடிக்கிறது. அவருடைய இரண்டு கையிலும் கறுப்புச் சாயம். என் ஷூவுக்கு மூன்றாவது தடவை ஏற்றிக்கொண்டிருக்கிறார். எதிரே நான் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். நான் போனை எடுத்தால் வாஜித் சொல்லாததை அவர்தான் சொன்னார் என்று சொல்ல வேண்டும். இல்லை, நான்தான் எழுதினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கதை எழுதுகிறவன் பேச்சைத் தங்கமணி எப்படி நம்புவார்?

இளவரசன் இன்னும் ஷூவைக் கழற்றவில்லை. பங்க் வாசலில் நிற்கிறான்.

நடந்தது அத்தனையும் உங்களுக்குத் தெரியும். உங்கள் கையில் சாயமும் இல்லை. போனை எடுங்கள்.