பாலத்துக்கு முன்னால் நின்ற டிராம்

...அதுவும் இன்றைக்கா, இந்தக் கழுதைகளுக்கு ஊர்வலம் போக வேறு நாளே கிடைக்கவில்லையா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிளாஃபிரா டிராமை நிறுத்தினாள், நிறுத்தாமல் என்ன செய்வது, தண்டவாளத்தின் மேலேயே நெசவாலைப் பெண்கள், இருநூறு பேர், முந்நூறு பேர், 'ரொட்டி! ரொட்டி!' என்று கத்திக்கொண்டு நேவா ஆற்றுப் பாலத்தை நோக்கி... கத்தினால் ரொட்டி வெந்துவிடுமா? அவள் மகள் நியூரா விடியலிலிருந்து ரொட்டிக்கடை வரிசையில் நிற்கிறாள், ஒன்பது வயது, இந்தப் பனியில், நேற்றும் நின்றாள், கடைக்காரன் தலையை மட்டும் நீட்டித் தீர்ந்துபோச்சு என்றானாம், திறக்கவே திறக்காத கடையில் எப்படியடா தீரும்? புருஷன் போர்முனையில் ஏதோ ஒரு பள்ளத்தில், ஜாருக்காகவாம், தாய்நாட்டுக்காகவாம், அவன் கடிதத்தில் ஜாரும் இல்லை தாய்நாடும் இல்லை, பேன்தான் இருக்கிறது. ஆக மிச்சமிருப்பது இந்த வேலை ஒன்று. இந்த வேலை என்பது டிராமை ஓட்டும் இந்த இரும்புக் கைப்பிடி, கழற்றிவிட்டால் டிராம் வெறும் தகரப் பெட்டி, அதனால்தான் ஊர்வலக்காரர்கள் காலையிலிருந்து டிராம் டிராமாக ஏறி அதையே பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். டிப்போ கண்காணிப்பாளர் போர்ஃபிரி சாவிச் தினமும் தன் கையாலேயே அதை எடுத்துக் கொடுப்பார், ஏதோ செங்கோலைக் கொடுப்பதுபோல, மீசையை நீவிக்கொண்டு, "இது தொலஞ்சா நீயும் தொலஞ்ச."

"ஏம்மா, ஓட்டு!" முதுகில் கைத்தடி குத்தியது. நரித்தோல் கழுத்துப்பட்டை, தங்க விளிம்புக் கண்ணாடி, அமைச்சகத்தில் ஏழாம் படிநிலையாம், ஏறும்போதே கேட்காமல் சொன்ன ஆள். "முந்நூறு வருஷமா ஆள்ற வம்சம், நாலு பொம்பளைங்க கத்தினா ஆடிடுமா? ஏத்திட்டுப் போ, தானா விலகுவாளுங்க." அதற்குள் ஒருத்தி படியில் தொற்றி ஏறிவிட்டாள், முக்காடெல்லாம் பஞ்சுத் தூசி, அக்கா, கைப்பிடியைக் கொடுத்துடு என்றாள், உரிமையோடு, ஏதோ உப்புக் கடன் கேட்பதுபோல. கிளாஃபிராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் வேலைக்கு நீ பதில் சொல்லுவியாடி?" "வேலையா? இந்த நரித்தோலைச் சுமக்கிறதா?" கூட்டம் சிரித்தது. சிரியுங்கள், உங்களுக்கென்ன, ஆலையில் மூவாயிரம் பேரோடு ஒருத்தி, மூவாயிரம் பேரையும் துரத்தவா முடியும், நான் இங்கே ஒருத்தி, போர்ஃபிரி சாவிச்சுக்கு முன்னால் தனியாக நிற்கவேண்டியவள்... ஏத்து என்கிறேன் என்று கைத்தடி மறுபடி குத்தியது. ஏத்தவா? தண்டவாளத்தில் நிற்பவர்களைப் பார்த்தாள். முன்வரிசையில் ஒரு கிழவி, கையில் காலிப் பை. யார்மேல் ஏத்த? ரொட்டி வாங்கப் பை எடுத்துக்கொண்டு வந்தவள்மேலா?

ஒரு திருகு. ஒரு தூக்கு. அவ்வளவுதான், கைப்பிடி கிளாஃபிராவின் கையோடு வந்தது, டிராம் செத்தது. "எறங்கி நடங்க பிரபுவே, முந்நூறு வருஷமா உட்கார்ந்தே வந்ததுல கால் மரத்திருக்கும்," இதைச் சொன்னது தான்தானா என்று அவளுக்கே திகைப்பு, அவர் பனியில் வழுக்கிக்கொண்டே பெயர் விலாசமெல்லாம் கேட்டார், பின்னால் ஒரு டிராம் நின்றது, அதன் பின்னால் இன்னொன்று, பிறகு தெரு முழுக்க, பாலத்தருகே கூட்டத்தை மறிக்க வந்த குதிரைவீரர்கள் சவாரி மறந்தவர்கள்போல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பேரரசு என்பது இவ்வளவுதானா, ஒரு திருகு ஒரு தூக்கா, இரண்டு வருஷமாக என் கையில்தானே இருந்தது? ஆற்றில் வீசிடு அக்கா என்றாள் பஞ்சுத் தூசிக்காரி. உறைந்து கிடக்கும் ஆற்றில் எங்கே வீசுவது... கிளாஃபிரா அதைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு இறங்கினாள், கூட்டம் அவளையும் தள்ளிக்கொண்டு நடந்தது. ஜார் ஒழிக என்று யாரோ கத்தினார்கள், அவளும் கத்தினாள், வெட்கமாகக்கூட இல்லை, எவ்வளவு சுலபமாக வருகிறது, சுவரில் தொங்கும் படத்தில் தவிர அந்த மனிதரைப் பார்த்ததே இல்லையே. பிறகு சத்தம் வராமல், உதட்டுக்குள்ளேயே, போர்ஃபிரி சாவிச் ஒழிக என்று சொல்லிப் பார்த்தாள். போர்ஃபிரி வரைக்கும் வந்தது. அதற்குமேல் நாக்கு எழவில்லை.